சைபர் அழுத்தும் முன்

புளியரை எடைமேடை. காலை ஐந்தே முக்கால்.
இரவுக் காவல்காரர் சாவியைத் தந்துவிட்டுப்
பீடி மணத்தோடு சைக்கிளேறிப் போகிறார்.
பெட்டியில் சிவப்பு எண்கள் விழிக்கின்றன.
வண்டி எதுவும் ஏறாத மேடையில்
20.

பொத்தானை அழுத்தினால் 0 ஆகிவிடும்.
சம்பளத்துக்கு நான் செய்யும் முதல் வேலை அது.
அழுத்தும் முன் ஒரு படம்.

ஒன்பது பேர் நாங்கள்.
நாளுக்கு ஒன்று. நேற்றையதை இன்று அனுப்பக் கூடாது.
அழகுபடுத்தக் கூடாது.
எழுதினால் ஒரே வரி.
யார் போட்ட விதியென்று எவருக்கும் ஞாபகமில்லை.
புனலூர் பின்சி, பாத்திரம் கழுவும் தொட்டியை அனுப்புவாள்.
குவைத்திலிருந்து மைதீன் பாத்து,
ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்ற மாடியின் எண்ணை.
பகவதிபுரம் கோமதிநாயகம்,
தண்டவாளத்தில் அன்று கடைசியாக அடித்து இறுக்கிய சாவியை.
அவர் கட்டைவிரல் நகம் கறுத்தது, உதிர்ந்தது,
புதுசு பாதி வளர்ந்திருக்கிறது.
முகம் தெரியாது.

என்னுடையது எப்போதும் எண்தான்.
முதல் மாதம் கேலி செய்தார்கள், தங்கம் என்ன விலையென்று.
ஆடிச் சாரலில் ஒருநாள் 40.
கோட்டவாசல் வழியே வரி கட்டாமல் வந்த மழை, என்று எழுதினேன்.
"ஞங்கள் அனுப்பியது, ரசீது வேண்டா" என்றாள் பின்சி.
10 என்றால் சேறு, சாணியாகவும் இருக்கலாம்.
30, பெட்டை நாயும் நனைந்த குட்டிகளும்.
பிறகு பந்தயமே கட்டினார்கள்,
ஒன்றுமில்லாததற்கு இன்றைக்கு எத்தனை கிலோ.

நூற்று எழுபத்து மூன்றாம் நாள்
60.
வாசலில் மூன்று வைக்கோல் லாரி, மூன்று ஹாரன்.
எடுத்தேன், அனுப்பினேன், அழுத்தினேன்.
ரசீதுச் சுருளை மாட்டிவிட்டு நிமிர்ந்தால்
-60.

இரண்டு வருஷத்தில் அப்படியோர் எண்ணைப் பார்த்ததில்லை.
பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.
மாறவில்லை.
மறுபடி அழுத்தினேன், லாரி நிற்கிறதே.

ராத்திரி பதினொன்றுக்குக் கோமதிநாயகம் எழுதினார்.
தளர்ந்ததைத் தேடியே நடந்து பழகிய கண்.
"எண்ணுக்குக் கீழே, கண்ணாடியைப் பாரு தாயி."
இரண்டு விரலால் விரித்தேன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மேடையின் கோடியில்
ஒருவன் குத்தவைத்திருக்கிறான்.
முழங்காலில் நெற்றி. பக்கத்தில் ரெக்ஸின் பை.

அவனையும் சேர்த்துத்தான் சைபர் என்றிருக்கிறேன்.
எழுந்து போனதும் இயந்திரம் கணக்கைச் சரியாகச் சொன்னது,
நான்தான் தட்டினேன்.
எந்தப் பக்கம் போனான்?
செங்கோட்டைக்கு இறங்கினானா, ஆரியங்காவுக்கு ஏறினானா?
மறுநாள் வைக்கோல் லாரிக்காரரைக் கேட்டேன்.
"ஆளா? எப்போ?" என்றார்.

பின்சியின் தொட்டி வந்து பன்னிரண்டு நாளாகிறது.
கடைசிப் படத்தில் ஒற்றை டம்ளர், கவிழ்த்தி வைத்தது.
கேட்கக் கூடாதென்று விதி இல்லை,
ஆனாலும் ஒருவரும் கேட்கவில்லை.
முந்தாநாள் மைதீன் பாத்து
லிஃப்டை விட்டுவிட்டு ஒரு குழாயை அனுப்பினாள்.
நேற்று கோமதிநாயகம், பிளாட்பாரக் குழாய்.
சொட்டப் போகும் நேரத்தில் எடுத்திருக்கிறார்.

இன்று 10.
பொத்தானில் வைத்த விரலை எடுத்துக்கொண்டு
வெளியே போனேன்.
இருட்டு இன்னும் மலையை விடவில்லை.
மேடையை நாலு மூலையும் நடந்தே பார்த்தேன்.
ஈர வைக்கோல், ஒரு துருப்பிடித்த ஸ்பேனர்.
நான் நின்ற நேரம்
உள்ளே பெட்டி என்னையும் சேர்த்து எதையோ காட்டியிருக்கும்,
பார்க்க ஆளில்லை.

திரும்பி வந்து எடுத்தேன்.
10, கண்ணாடி, கண்ணாடியில் வெறும் மேடை.
கீழே எனக்குரிய ஒரு வரி:
பின்சி, அவிடே உண்டோ?

வாசலில் ஹாரன்.
அடிக்கட்டும்,
இன்னும் அழுத்தவில்லை.