கணக்குக் கோப்பு இருக்கும் இடம்

திருத்துறைப்பூண்டி ஞானப்பிரகாசம் ரைஸ்மில்லில்
கம்ப்யூட்டர் செத்த அன்று
காப்பு உயிரோடுதான் இருந்தது.
ஹார்டு டிஸ்க் நிறைய:
விண்டோஸ் முழுசாக,
முதலாளி மகன் இறக்கிய பதினேழு படம்,
இருநூறு வால்பேப்பர்.
கணக்கு மட்டும் இல்லை.

காப்பெடுக்கும் மென்பொருளைத் திட்டித் தீர்த்தார்கள்.
அது பாவம்.
டாக்குமெண்ட்ஸ் என்று பெயர் எழுதிய வாசலில் நின்று
போட்டதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.
மில் கணக்கு எழுதும் மென்பொருளோ
தன் சேமிப்பை யாருக்கும் சொல்லாத ரகம்.

இன்னொரு மில்லில் அதே மென்பொருளைப் பிடித்து
பின்னாலேயே போனேன்.
சி டிரைவ், யூசர்ஸ், அட்மின்,
கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டா,
அதற்குள் லோக்கல் ஒரு பக்கம், ரோமிங் ஒரு பக்கம்.
கல்லணையில் வெண்ணாறாகி
நீடாமங்கலத்தில் கோரையாறாகி
முள்ளியாறாகி
அப்புறம் பெயர் தீர்ந்துபோய்
யாரோ ஒருவர் வயல் மூலையில்
கணுக்கால் அளவு நிற்கிற தண்ணீர் மாதிரி
அங்கே கிடந்தது கோப்பு.
எட்டு எம்.பி.
பதினோரு வருட நெல்.

அந்தப் பாதையை ஒரு வரியில் எழுதினேன்.
காப்பு மென்பொருள் வாசிக்கும் பட்டியலில்
அதுதான் முதல் வரி.

பிறகு விட முடியவில்லை.
ஜாதக மென்பொருள் பிறந்த நேரங்களை எங்கே போடுகிறது,
உரக்கடை பில் எங்கே போய்ச் சேருகிறது,
டெய்லர் ரெஜினா மார்பளவும் தோளளவும்
நோட்பேடில் அடித்து
டெஸ்க்டாப்பில் 'புதுசு 4' என்று வைத்திருப்பது.
எது போனால் அழுவீங்க என்று கேட்டால்
முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
ரெண்டாம் தடவை கேட்டால்
நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும் எடு என்றால் தீர்ந்தது என்பீர்கள்.
நம் டிஸ்க் ஐந்நூறு ஜி.பி.
மின்சாரம் நம் கையில் இல்லை.
முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும்:
ராத்திரி ஒன்றுக்கு மில்,
ரெண்டுக்கு உரக்கடை,
படங்கள் மழை விட்டால்.

ரைஸ்மில்லில் புதுக் கம்ப்யூட்டர் வைத்து
பேரேட்டை ஏடு பார்த்து மறுபடி ஏற்றி முடித்த சாயங்காலம்
லோடுமேன் காத்தமுத்து வாசலில் நின்றார்.
"யக்கா, இனிமே போவாதா?"
"போவாது."
"எம்பேர்ல பதினோராயிரம் அட்வான்ஸு.
அது செத்தப்ப
ரெண்டு நாள் நல்லாத் தூங்குனேன்."

பட்டியலில் விலக்கு வரிகள் உண்டு.
டெம்ப் வேண்டாம், கேஷ் வேண்டாம்,
குப்பைத்தொட்டி வேண்டாம்.
காத்தமுத்து வேண்டாம் என்று எழுத வழியில்லை.
கோப்பு வந்தால் முழுசாகத்தான் வரும்.

"நாலாயிரம் கழிச்சாச்சு, அதை எழுதல" என்றார்.
எழுதாததை எடுத்து வைக்க
எந்த மென்பொருளுக்கும் தெரியாது.
பிழையைப் பிழையாகவே
ஒரு புள்ளி சிந்தாமல் வைத்திருக்கும்.
அதில் என் வேலை சுத்தம்.

குடோனுக்குள் கூட்டிப்போனார்.
தவிட்டு மூட்டைக்குப் பின்னால்
சுவரில் கரிக்கோடுகள்,
அஞ்சஞ்சாகக் குறுக்கே வெட்டி.
ஒரு கோடு நூறு ரூபாய்.
மழைநீர் பட்டுக் கீழ்வரிசை கொஞ்சம் கரைந்திருந்தது.
நான் எண்ணியபோது முப்பத்தெட்டு.
அவர் எண்ணியபோது நாற்பது.

போனில் மூன்று படம் எடுத்தேன்.
ஞானப்பிரகாசம் ஆபீஸில் இல்லை.
இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியவில்லை.
கணக்குக் கோப்பு கிடக்கும் அதே மூலையில்
ஒரு ஃபோல்டர் திறந்து
காத்தமுத்து, சுவர் என்று பெயர் வைத்தேன்.
பட்டியலில் முதல் வரிக்குக் கீழே
இன்னொரு வரி.

இன்று ராத்திரி ஒரு மணிக்கு
ரெண்டும் சேர்ந்தே போகும்.
எது சரி என்று டிஸ்க் கேட்காது.
பச்சை விளக்கு மினுக்கும், அவ்வளவுதான்.
மழை மட்டும்
கரண்டை விட்டுவைக்க வேண்டும்.