சுழிப்பிழை

நாலு ஐம்பதுக்கு இன்னும் விழிப்புத் தட்டிவிடுகிறது.
அலாரத்தை அணைத்து இரண்டு வருடம் ஏழு மாதம்.
உடம்புக்கு யாரும் ரிலீவிங் லெட்டர் தரவில்லை.

ஐந்தேகாலுக்கு ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
ஓசூர் கம்பெனி வண்டிகள் வரிசைகட்டும்.
நீலச் சட்டை, மெரூன் சட்டை,
தூக்கம் கலையாத டிபன் பைகள்.
எங்கள் வண்டி ஓட்டிய முனிவெங்கடப்பன்
முதல் மூன்று மாதம் என்னைக் கண்டால்
கியர் குறைப்பார்.
அப்புறம் ஹாரன் மட்டும்.
இப்போது பால் வாங்க
வேறு தெருவழியாகப் போகிறேன்.
அவருக்கும் அது வசதி.

மடிக்கணினியில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன்.
தேதி, கம்பெனி, பதில்.
பதில் என்ற பத்தியை அகலமாகப் போட்டது தப்பு.
இருநூற்றுப் பதினெட்டாவது வரியில்
ஒரகடத்திலிருந்து ஒரு பையன் பேசினான்.
"எம்.இ., இருபத்தோரு வருஷ அனுபவம்...
எங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி சார்."
குழம்பில் உப்பைச் சொல்வதுபோலச் சொன்னான்.
நன்றி என்றேன், பழக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் நஞ்சப்பனோடு
போச்சம்பள்ளி சந்தைக்குப் போனேன்.
மூன்றாம் ஈத்து, சாதுவான பசு.
பல் பார்த்தார்கள், காம்பு பார்த்தார்கள்,
தரகர் முதுகு மயிரை ஒதுக்கி
ஓரிடத்தில் விரல் வைத்தார்:
"சுழி சரியில்லையே."
பசு அசைபோட்டபடி நின்றது.
துண்டுக்குள் போன விரல்கள்
வெளியே வந்தபோது நாலாயிரம் குறைந்திருந்தது.
என் ரெஸ்யூமின் கடைசி வெள்ளை இடத்தில்
யாரோ விரல் வைத்த மாதிரி எனக்குக் கூசியது.
வண்டியில் ஏற்றும்போது நஞ்சப்பன் சிரித்தான்.
"சுழியையா மாமா கறக்கப் போறோம்?"

அன்றிரவு பீரோவின் அடித்தட்டிலிருந்து
வெர்னியர் அளவியை எடுத்தேன்.
தர ஆய்வில் நானே கையெழுத்திட்டு
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்த கருவி.
கடைசி நாள் ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்தேன்.
கேட்க வேறொன்றும் தோன்றவில்லை.

பர்கூர் பள்ளி ரெக்கார்டு நோட்டில்
பச்சை மையால் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்:
தாடைகள் சேர்ந்த பிறகும் சுழியோடு சுழி சேராவிட்டால்
அது சுழிப்பிழை.
அதன் கீழே, பிழையை அளவீட்டிலிருந்து கழிக்கவும்.
கருவியைத் தூக்கியெறியச் சொல்லி
எந்த இடத்திலும் இல்லை.
அதைக் கம்பெனியில் நான்
மறந்துபோயிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் அளக்கிறேன்.
குழாய் வாஷர். கதவுத் தாழ்.
மஞ்சுளாவின் வளையல், உள்விட்டம் ஐம்பத்தெட்டு.
பெங்களூரா மாங்கொட்டையின் தடிமன்,
மூன்று இடத்தில், சராசரி.
எதிர்வீட்டு ஷகிலாக்கா
தையல் மெஷின் பாபினோடு வந்தார்.
"சார் வீட்ல தானே இருப்பீங்க."
அவர் குத்தவில்லை. குத்தியது.
தேய்ந்த பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.
மாலையில் ஒரு கிண்ணம் சேமியா வந்தது.
இருநூற்றுப் பதினெட்டு வரிகளில்
அது கணக்கில் வராது.

மஞ்சுளா மாங்கூழ் ஆலைக் கணக்குப் பிரிவில்.
சீசன், இரவு பத்தாகிறது.
காலையில் கிளம்பும்போது பெட்ரோலுக்கென்று
நூறு ரூபாயை அளவிப் பெட்டிக்கடியில் வைக்கிறாள்.
எங்கே போனீர்கள் என்று
அவள் கேட்பதில்லை.
அந்த நோட்டு கேட்கும்.
நேற்று அதைச் செலவழிக்கவில்லை.
இன்று அதன்மேல் இன்னொன்று இருந்தது.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கீழே வண்டிகள் போகும் சத்தம்.
தாடைகளை ஒட்ட மூடி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
நேர் சுழிப்பிழை,
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
நேற்றும் அவ்வளவுதான்.
முந்தாநாளும்.

இருநூற்றுப் பத்தொன்பதாவது வரிக்குத்
தேதி போடுகிறேன்.