ஓரத்துப் பச்சை

சட்டத்தைக் கழற்றியதும் முதலில் உதிர்ந்தது
செத்த அந்துப்பூச்சி ஒன்று.
பிறகு, பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த
கறிக்கடைக் கணக்குத்தாள்.
அதன் கீழே
ஹெஸ்தர் மெட்காஃப், ஈஸ்பி மடாலயம், நீர்வண்ணம்.
"மழை நின்ற நேரம்" என்று பென்சிலில்.

ரிச்மண்டிலிருந்து சுவேல் ஆற்றோரமாக நடந்தால்
அரை மணிக்குள் வந்துவிடும்.
கூரை போன சாப்பாட்டுக்கூடம்.
ஜன்னல் வளைவுகள் மட்டும் வரிசையாய் நின்று
வானத்தைப் பரிமாறிக்கொண்டிருக்கும்.

கல்லை நன்றாகப் போட்டிருக்கிறாள்.
காவியும் கரியும் மண்ணின் பிள்ளைகள்,
நூற்றெண்பது வருடமாய் அசையவில்லை.
வளைவின் விரிசலில் ஒரு நிழல்
இன்னும் ஈரமாக இருக்கிறது.

இலைகள்தாம் போய்விட்டன.
சுவர் ஏறிய கொடி முழுக்க நீலம்.
ஆற்றோர மரங்கள் நீலம்.
நீலப் புல்லை ஒரு பசு மேய்கிறது,
சந்தேகமே இல்லாமல்.

நீலத்தில் மஞ்சளைக் குழைத்துப்
பச்சை செய்தவள்.
மஞ்சள் ஏதோ காயின் சாறு.
வரவேற்பறை வெயில்
நாளுக்கொரு சிட்டிகையாக
அதைத் தின்று தீர்த்திருக்கிறது.
பாழை வரையப் போனவளின் பாழ்
ஒரு கல்லும் உதிராமல் நிற்க,
அதன்மேல் தழைத்தது சிதிலம்.

ஆற்றங்கரையிலும் இப்போது கொடி இல்லை.
ஏணி போட்டு வேரோடு உரித்து
மூட்டெல்லாம் சுண்ணாம்பு அடைத்துவிட்டார்கள்.
கோபுரத்து அரசங்கன்றை
நாம் என்ன செய்வோமோ அதுதான்.
குறை சொல்ல முடியாது.
வேர் கல்லைக் கல்லாகத்தான் பார்க்கும்.

படத்துக்குச் சொந்தக்காரர் பிரெய்த்வெய்ட்
தொலைபேசியில் கேட்டார்:
கொஞ்சம் பச்சை ஏற்றித் தர முடியுமா?
திரைச்சீலைக்குப் பொருந்துமாம்.
முடியும், செய்யமாட்டேன் என்றேன்.
அவர் சற்றுநேரம்
மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

ஓரத்து அட்டையை விலக்கியபோதுதான் பார்த்தேன்.
வலப்பக்கம், வெளிச்சம் தொடாத
ஒரு விரற்கடை.
அங்கே பச்சை.
கிளையின் நுனி, நாலைந்து இலை,
ஒன்றில் தூரிகை மயிர் ஒட்டியிருந்தது.
எடுக்கவில்லை.

மூடி வைப்பதுதான் தொழில் தர்மம்.
இரண்டு நாள் மூடித்தான் வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் புது அட்டை வெட்டினேன்,
அந்தப் பக்கம் மட்டும் அகலமாக.
அளவு பிசகிவிட்டது என்பார் பிரெய்த்வெய்ட்.

இனி அதுவும் வெளிறும்.
நல்ல கண்ணாடிதான் போட்டிருக்கிறேன்,
முப்பது வருடம் தாங்கலாம்.

பசு எதிர்ப்பக்கம் பார்த்து மேய்கிறது.