இணை விளையாட்டு

முதல் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்தது
நீல அட்டை போட்ட ஒரு நோட்டும் ஒரே ஒரு விதியும்.
கண்ணில் பட்டதை எழுது.
'வருத்தமாக இருந்தாள்' என்று எழுதாதே,
'கீழுதடு துடித்தது' என்று எழுது.
சுவர் மாதிரி உட்கார்.
குழந்தை பொம்மையை நீட்டினாலும் வாங்காதே.

செவ்வாய், வியாழன்
கல்லூரிக்குப் பின்னால் மழலையர் கூடத்தில்
ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு.
10.05: ரஃபியா கிண்ணத்தில் மணல் அள்ளுகிறாள்.
10.10: யோகித் பக்கத்தில் வந்து உட்காருகிறான். அவனும் அள்ளுகிறான்.
10.15: ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
10.20: பார்க்கவில்லை.
10.25: ரஃபியா எழுந்து போகிறாள். யோகித்தின் கை நிற்கிறது.

இதற்குப் பெயர் இணை விளையாட்டு
என்றார் மங்கையர்க்கரசி மேடம்.
இரண்டு, மூன்று வயதில் வரும்.
பிறகு தானாகப் போய்விடும்.

பெரியார் நிலையத்தில் மாறி ஏறி
வில்லாபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.
தானாகப் போய்விடும், தானாகப் போய்விடும்
என்றது பேருந்தின் தளர்ந்த ஜன்னல்.

எங்கள் வீட்டில்
அப்பாவும் அம்மாவும் பேசிப் பதினோரு வருடம்.
சண்டை சச்சரவெல்லாம் கிடையாது.
சித்தி கல்யாணத்துக்கு அடகு போன இரண்டு வளையல்,
அது மூழ்கிய அன்று அப்பா சொன்ன ஏதோ ஒரு சொல்.
எந்தச் சொல் என்று
இருவருமே என்னிடம் சொன்னதில்லை.
நடுவில் கம்பியாக நான்.
'உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.'
'உங்கம்மாகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு.'
ஏழடி தூரம்.
பத்து வயதிலிருந்து இந்த உத்தியோகம்.

வீட்டுச் சூழலில் ஒரு பதிவு வேண்டும் என்றார்கள்,
பெயரை மறைத்து.
பார்த்து வைத்திருந்த எதிர்வீட்டுக் குழந்தைக்கு அம்மை.
சமர்ப்பிக்கும் நாளோ வெள்ளிக்கிழமை.
பீரோவுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில்
நோட்டை விரித்து உட்கார்ந்தேன்.

8.40: அ டிவி பார்க்கிறார்.
ஆ, விளக்குத்தூண் கடைக்காரர் கொடுத்த பாவாடைகளுக்கு நாடா கோக்கிறார்.
8.45: ஆ எழுந்து தோசைக்கல் வைக்கிறார்.
8.50: முதல் தோசை, ஓரம் முறுகலாக. அ-வின் தட்டுக்கு.
8.55: அ சார்ஜரிலிருந்து தன் போனை உருவி
ஆ-வின் போனைச் செருகுகிறார்.
9.00: ஆ, என்னிடம்:
'நாளைக்கு சிலிண்டர் வருதான்னு உங்கப்பாகிட்ட கேளு.'

விதி என்றால் விதி.
எழுதினேன். நிமிரவில்லை.
கேள்வி அடுப்புக்கும் டிவிக்கும் இடையில் நின்றது.
மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது.
இந்த இரண்டு வரி நோட்டில் இல்லை.

9.02: அ, டிவியைப் பார்த்தபடி: 'வரும். காலைல.'
9.03: ஆ அசையவில்லை. கையில் தோசைத் திருப்பி.
9.04: தோசை கருகும் வாசனை.
9.05: அதே.

திரும்பி வந்த நோட்டில் சிவப்பு மை.
'கடைசியில் இடைவெளி ஏன் ஒரு நிமிடமாகக் குறைந்தது?
கேட்டது குழந்தைகளைப் பற்றி.
வயது குறிப்பிடவும்.'
அதன் கீழேயே எழுதிக் கொடுத்தேன்,
ஐம்பத்து நான்கு, நாற்பத்தெட்டு.

சிலிண்டரைச் சொல்ல மறந்தேன்.
சொன்னபடி மறுநாள் காலையில் வந்தது.
அப்பா உருட்டிக்கொண்டு வர
அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.
'பில்லை எங்க வைக்கிறதுன்னு உங்கம்மாகிட்ட கேளு' என்றார்.
நோட்டு பைக்குள் இருந்தது.
கேட்டேன்.