கள் கணக்கு

ராயபுரத்தில் எனக்குத் தெரியாத கதவு இல்லை.
மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாய்
மீட்டர் பார்ப்பவள் நான்.
பழைய எண் ஏழு, புதிய எண் பத்தொன்பது.
நாய் கட்டியிருக்கா என்று கேட்டுவிட்டே நுழைவேன்.
ஆனாலும்
எங்கள் குடும்பத்தில் இந்தக் கரைக்கு முதலில் வந்தவள் பெயரை
பெர்த்திலிருந்து மெர்வின் எழுதித்தான்
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
ஹெப்சிபா ட்ரஸ்காட்.

அவனுக்கு வம்சப்படம் வேண்டுமாம்.
கட்டம் கட்டமாய், கோடு போட்டு,
உச்சியில் இங்கிலாந்து, அடியில் அவன் பேரப்பிள்ளைகள்.
நீதான் இன்னும் அங்கேயே இருக்கியே, தேடிப் பார் என்றான்.
அங்கேயே இருக்கியே என்பதை
ஆறாத வியாதியை விசாரிப்பதுபோல் சொல்வான்.

தேடினேன்.
மிர்ட்டில் ஆன்ட்டியின் அலமாரியில்
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் அந்துருண்டைக்கும் அடியில்
ஒரு கணக்கு நோட்டு.
முதல் பக்கத்தில் மட்டும் கணக்கில்லை.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு, மார்ச்:
கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டது,
ஆணி இல்லாத, கயிற்றால் தைத்த படகில் இறக்கினார்கள்,
மூன்றாவது அலையில் என் தொப்பி போயிற்று,
கரைக்கு என்னைத் தோளில் தூக்கிவந்தவனுக்கு
நன்றி சொல்ல வார்த்தை தெரியவில்லை.

ஜாப், அவள் புருஷன்,
ரயில் பட்டறையில் பாய்லர் ஃபிட்டர்.
ஆறாம் மாதம் காலரா.
ஊர் திரும்பக் கம்பெனி கொடுத்த கப்பல் காசில்
செங்கல் வாங்கினாள்.
அந்த வரி அப்படியேதான் இருக்கிறது,
துக்கமோ விளக்கமோ இல்லாமல்:
செங்கல் நானூறு, சுண்ணாம்பு, கொத்தனுக்குக் கூலி.

அடுப்பு எழும்பியது. மாவு எழும்பவில்லை.
சீமையிலிருந்து குப்பியில் கொண்டுவந்த நொதி
இந்த வெயிலில் செத்துவிட்டது.
தட்டையாய், கல்லாய் வெந்த ரொட்டியை
காக்கா கூட யோசித்துத்தான் தின்றிருக்கும்.
கள்ளு ஊத்திப் பிசையச் சொன்னது யாரோ, எழுதவில்லை.
அடுத்த பக்கத்திலிருந்து தினமும் விடியலில் ஒரு பெயர்.
டானாகாட்டி என்று அவள் ஸ்பெல்லிங்.
தனகோட்டி.
தண்டையார்பேட்டைப் பனையிலிருந்து
பானை தளும்பத் தளும்ப நடந்து வருபவன்.

தனகோட்டி, கள் ஒரு படி, அரையணா பாக்கி.
தனகோட்டி, கள் ஒரு படி, தீர்த்தாயிற்று.
தனகோட்டி, மழை, கள் தண்ணீர், காலணா பிடித்தம்.
நாலு வருஷம் இப்படி.
அறுபத்திரண்டு ஆகஸ்டிலிருந்து
கள் மட்டும் வருகிறது.
காசுப் பத்தி வெள்ளையாய்க் கிடக்கிறது,
பக்கம் பக்கமாய்.

கோயில் ரிஜிஸ்டரில், மறு வருஷம் ஜூன்,
ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம்.
தாய்: ஹெப்சிபா, ரொட்டி சுடுபவள்.
தகப்பன் என்ற இடத்தில்
பாதிரியார் மை தொட்டு யோசித்த
ஒரு பொட்டு.

மெர்வினுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
ஜாப்னே போட்டுடு என்றான்,
யார் வந்து பார்க்கப் போறா.
போடலாம்.
ஆவியோடு பாடுபட்ட மனுஷன்தான்.
அதற்காக, செத்து ஐந்தரை வருஷம் கழித்துமா?

என் வேலையில் ஒன்று தெரியும்.
அட்டையில் இருப்பது பாதியும் செத்தவர்கள் பெயர்.
பெயர் மாற்ற யாரும் வருவதில்லை,
கரண்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
என் லைனில் மூன்று தனகோட்டிகள்.
ஒருவர் வெல்டிங் கடை,
ஒருவர் வீடு எப்போதும் பூட்டு,
மூன்றாமவர் பில்லைப் பார்த்து என்னைத் திட்டுபவர்.
எங்களவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
யாரையும் நான் உற்றுப் பார்க்கவில்லை.
கொஞ்சம் பார்த்தேன்.

நேற்று ராத்திரி மெர்வினின் காலிக் கட்டத்தில்
தமிழிலேயே எழுதி அனுப்பினேன்:
தனகோட்டி. பாக்கி இல்லை.

நீல டிக் ரெண்டும் விழுந்துவிட்டது. பதில் இல்லை.
மணி ஒன்பதே கால்.
பத்தொன்பதாம் எண்ணில் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்களாம்.
கேட்டுவிட்டுத்தான் நுழையணும்.