தூசி

பீடோங் பழைய பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
நாலடி அகலத்தில் என் கடை.
கண்ணாடி மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன்,
டாப் அப் ஐந்து வெள்ளியிலிருந்து.
போர்டில் எழுதாத வேலை ஒன்று உண்டு:
ஊரார் ரகசிய எண்களைக் காப்பது.

இழுப்பறையில் ஒரு 555 நோட்டு.
முதல் பக்கம், செம்பனைக் குலை வெட்டும் சன்னாசி:
நாலு, ஏழு, ஒன்று, ஒன்று.
குலைக் காம்பில் அவர் எழுதும் அதே நம்பர்.
வேற வைங்கண்ணே, எல்லாருக்கும் தெரியுமே என்றேன்.
"வேற எதுக்கு? இதுக்குத்தானே சம்பளம் வருது."

கோயில் செயலாளர் எண்ணை வாயால் சொல்லவில்லை,
சிகரெட் அட்டையில் எழுதித் தள்ளினார்.
யாருடைய பிறந்த தேதியோ.
அவர் வீட்டில் யாருடையதும் இல்லை.
உதவித்தொகை வந்துவிட்டதா என்று மட்டும்
பார்த்துச் சொன்னேன்.

இளசுகள் எண் தருவதில்லை.
கண்ணாடி மாற்றி முடிக்கும்வரை
பிள்ளையை ஆபரேசனுக்கு அனுப்பியவர்கள் மாதிரி
நின்றபடியே நிற்பார்கள்.
அம்மா கூப்பிட்டால் எடுப்பதில்லை.
அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட நேரமாகும்,
குரலாய் அனுப்புவாள், இரண்டு நிமிசம்.
அதை இரட்டை வேகத்தில் ஓட விடுவார்கள்.
என் கடைக்குள் ஒரு தாய்
கீச்சுக் குரலில், மூச்சு விடாமல்,
கறி விலையும் கால் வலியும் சொல்லி முடிப்பாள்.

எனக்கு நாற்பத்தொன்று.
இரண்டு கூட்டத்தோடும் சேர்ந்து சிரிப்பேன்.

குணவதி அக்காவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இராவேலை.
உலகத்துக்கே கையுறை தரும் தொட்டிகள்
அவள் விரல்களைத் தின்றுவிட்டன.
எத்தனை முறை பெருவிரலை வைத்தாலும்
அவள் போன் அதிர்ந்து மறுக்கும்.
"நான்தான்டா" என்பாள் அதனிடம்.
கடைசியில் எண் போட்டுக் கொடுத்தேன்.
நோட்டில் ஒன்பதாம் பக்கம்.

போன வெள்ளிக்கிழமை, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம்.
"தம்பி, லோஷினி போனு என்னைப் பாத்துத் தொறக்குது."

துணி பொறுக்கக் குனிந்தாளாம்.
கட்டிலில் கிடந்தது கண் விழித்து
அவள் முகத்தைப் பார்த்ததாம், திறந்ததாம்.

"ஒரே சாயல்க்கா. அதே நெத்தி, அதே மூக்கு.
நீங்கதான் அவன்னு நெனச்சுருச்சு."
சிரித்தாள். கண்ணாடி அலமாரியில்
தன்னை ஒரு தரம் பார்த்தும் கொண்டாள்.
அப்புறம் சிரிப்பு நின்றது.

என்ன பாத்தீங்க என்று நான் கேட்டிருக்கக் கூடாது.
"ஒண்ணுமில்ல, கவுத்துப் போட்டுட்டேன்.
ஒரே ஒரு வரிதான் கண்ணுல பட்டுச்சு.
அம்மா வருது, அப்பறம் பேசலாம்னு."

தகரக் கூரையில் முதல் சொட்டுகள் விழுந்தன.
வங்காளதேசத்துப் பையன் ஒருவன்
வெளியே நின்றபடி இரண்டே தட்டில்
ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ஓடினான்.

"என் மூஞ்ச அது மறக்கணும், தம்பி.
அவளுக்குத் தெரியாம."

முடியாதுக்கா என்றேன்.
அவள் போன், அவள் கையில் இருக்கணும்,
அவள்தான் மாத்தணும்.
சொல்லிடுங்களேன் அவகிட்ட.

"சொன்னா, பாத்துட்டேன்னு நெனப்பா."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"பாக்கலன்னு சொன்னாலும் அதத்தான் நெனப்பா."
பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நேற்று லோஷினி வந்தாள், பழைய உறையை மாற்ற.
மேசையில் வைத்த போன்
அவள் முகம் கண்டதும் திறந்துகொண்டது.
"அங்கிள், எங்கம்மா இப்பல்லாம்
மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் என் ரூம் கூட்டுறாங்க.
கேட்டா பதிலே இல்ல. ஏன்னு தெரியுமா?"

உறையின் ஓரத்தை அழுத்திப் பொருத்தினேன்.
தூசியா இருக்கும்மா என்றேன்.