பதின்மூன்று பேர்

எட்டுத் தடம், ஒரு பென்டிரைவ்.
லிந்துலை மண்டபத்தில் சனியிரவு வாசித்ததெல்லாம்
கட்டைவிரல் நீளத்துக்குள் கிடந்தது.
திங்கட்கிழமை, தலவாக்கலைக் கடையில்
போட்டோகொப்பிக்கு வந்தவர்கள் போனபின்
கணினியில் செருகினேன்.
முதலில் கேட்டது மழை.

டெஸ்மனின் டிரம்சுக்கு மேலே தொங்கிய மைக்
தகரத்தின் பக்கமே காது வைத்திருந்திருக்கிறது.
அடுத்தது ஜெனரேட்டர்.
அதற்கும் பின்னால், எங்கோ, நாங்கள்.

வெட்டி ஒட்ட ஒரு மென்பொருள் தேடினேன்.
பெரிய பெயர்க்காரன் மாதச் சந்தா கேட்டான், டொலரில்,
ஐவரில் ஒருவரிடமும் இல்லாத அட்டையில்.
கீபோட் லூர்துவின் அக்கா கட்டாரில் இருக்கிறாள்.
ஒரு மாதம் கேட்கலாம்.
மாதாமாதம் எந்த முகத்தோடு கேட்பது?

நித்தியகலா விலையைப் பேரில்தான் பார்ப்பாள்.
மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து,
செக்ரோலில் விழுந்தால் ஒரு பேர்.
"மாசம் அஞ்சு பேரா?
நாம பாடாத மாசமும் புடிப்பானா?"
பிடிப்பான் என்றேன்.
"அப்ப வேணாம்."

இன்னொன்று சும்மா பார்க்கக் கொடுத்தார்கள்.
மூன்று இரவு உட்கார்ந்து
என் பேஸ் கிட்டாரின் உறுமலை அடக்கி,
சேமிக்கப் போனால்
அந்தப் பொத்தான் மட்டும் சாம்பல் நிறம்.
"அரைப்பேர்," என்றாள்.
"நாள் முழுக்க எடுத்தும் கிலோ கொறையுதுன்னு
பாதி போடுவாங்கல்ல, அது."

சசி நுவரெலியாவிலிருந்து பூட்டுடைத்த ஒன்றைக் கொண்டுவந்தான்.
முன்னூறு ரூபாய்.
வைரஸ் காவலை நிறுத்திவிட்டு நிறுவு என்று குறிப்பு.
நிறுத்தினேன்.
மறுநாள் கடையிலிருந்த பிறப்புச் சான்றிதழ்ப் படிவங்கள்,
யாரோ ஒரு பிள்ளையின் ஓஎல் விண்ணப்பம்,
எல்லாம் வெறும் எண்களாக மாறிக் கிடந்தன.
முதலாளி சொன்னதை இங்கே எழுதவில்லை.

முழு இலவசமாக ஒன்று, நல்ல பிள்ளை.
அதில் இரைச்சல் நீக்கி இருந்தது.
ஐந்து நொடி மழையை மட்டும் காட்டினேன்.
புரிந்துகொண்டு துடைத்தது.
மழையோடு சிம்பல் போனது.
கைதட்டல் போனது.
நித்தியகலாவின் சகரமெல்லாம் போய்
தண்ணீர்த் தாங்கிக்குள் நின்று பாடுகிறவள் போலிருந்தாள்.
ஹெட்போனைக் கழற்றி அவளே கேட்டாள்:
"இது யாரு?"

கடைசியாகக் கிடைத்ததற்கு விலை உண்டு, பூட்டு இல்லை.
அறுபது நாள் என்றது.
அறுபத்தோராம் நாளும் திறந்தது,
திறக்குமுன் ஐந்து நொடி
இத்தனை நாளாயிற்று என்று எண்ணை மட்டும் காட்டிவிட்டு.
அறுபத்தெட்டு.
எழுபத்தைந்து.
கடனைக் கேட்காமல்
தினமும் வாசலைக் கடந்து போகிற கடைக்காரர் மாதிரி.

அதில்தான் அந்த மைக்கைத் தனியே பிரித்து
மழைக்கு ஒரு கோடு வரைந்தேன்:
பாட்டு ஏறுகையில் இறங்கும்,
பாட்டு நிற்குமிடத்தில் ஏறும்.
மூன்றாம் பாட்டின் முடிவில் டெஸ்மன் இருமுகிறான்.
விட்டுவிட்டேன்.
"கரண்ட் வந்திருச்சு" என்று ஒரு குழந்தை கத்துகிறது,
சுருதியில்.
அதையும்.

எண்பத்திரண்டாம் நாள் விலை பார்த்தோம்.
ஒரே தடவைதான். பதின்மூன்று பேர்.
ஆளுக்கு இரண்டு, மிச்சம் மூன்று.
அந்த மூன்றுக்கு இரண்டு மணிநேரச் சண்டை.
தன் முன்னூறைக் கழிக்கச் சொன்னான் சசி;
ஒருவரும் சிரிக்கவில்லை.
கடைசியில் வட்டவளைக் கலியாணவீட்டு முற்பணத்தில் கைவைத்தோம்.
அக்கா கட்டாரிலிருந்து கட்டினாள், ஒரே மாதம், ஒரே முகம்.

திரையில் ஒரு பெட்டி வந்தது.
உரிமையாளர் பெயர்.
நித்தியகலா எட்டிப் பார்த்தாள்.
"பதிமூணு பேர் குடுத்தாச்சு,
ஒரு பேருக்குத்தான் எடமா?"

குழுவின் பெயரைப் போடலாம் என்றேன்.
குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
லிந்துலை நோட்டீசில்கூட
இன்னிசைக் கச்சேரி, மாலை ஆறு மணி, அவ்வளவுதான்.

கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது.
டெஸ்மன் இருமுகிறான்,
அதே இடத்தில் நிற்பவனைப் போல.